இரட்டை சிலிண்டர் பார்க்கப் போகிறவர்

பழைய மோட்டார் சைக்கிள் உலகத்தில் வாங்குகிறவர், விற்கிறவர் என்று இரண்டு வகை மனிதர்கள்தான் உண்டு என நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், மன்னிக்கவும், உங்களுக்கு அந்த உலகம் தெரியாது. மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். அவர் பார்க்கிறவர். வாங்கமாட்டார், விற்கமாட்டார், பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சைலன்சருக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருக்கும் மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? அவரேதான்.

அவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வண்டிக்காரர் கதவைத் திறந்து "வாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள், தன்னிடம் ஏற்கெனவே ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுவார். "நாலு சிலிண்டர் சார். எல்லா வேகமும் பார்த்தாச்சு. வேகம்லாம் ஒரு வயசுதான். இப்ப நமக்கு வேண்டியது கேரக்டர். அதான் ட்வின் பாக்கறேன்." ட்வின் என்றால் இரட்டை சிலிண்டர் வண்டி. கேரக்டர் என்றால் என்ன? முதுகுவலி. ஸ்போர்ட்ஸ் பைக்கின் கைப்பிடி முழங்கால் உயரத்தில் இருக்கும்; அதன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, கழுத்தை மட்டும் நிமிர்த்திச் சாலையைப் பார்க்க வேண்டும். இருபத்தைந்து வயதில் அது வீரம். நாற்பத்தைந்தில், இறங்கும்போது இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருக்கிறது. இதை அவர் செத்தாலும் ஒப்புக்கொள்ளமாட்டார்.

இந்த இனத்தில் ஒருவரை நான் மிக அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். என் அக்கா அவரைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறாள். அத்தான் தொழிலில் பல் டாக்டர். வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்து பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அடுத்தவர் பெட்ரோல் டேங்குக்குள் குனிந்து பார்ப்பார். கிளினிக்கில் நாற்காலியில் உட்கார்ந்தவர் வாயைத் திறந்து மூடுவதற்குள் "இத பிடுங்கணும்" என்று முடிவு சொல்லிவிடுகிற அதே மனிதர்தான், ஒரு மோட்டார் சைக்கிள் வாங்க இரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அவருடைய சடங்குகளுக்கு ஒரு வரிசை உண்டு. போனவுடன் எஞ்சின்மேல் உள்ளங்கையை வைப்பார். ஜில்லென்று இருக்க வேண்டும். விற்கிறவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆகாத குறை வெளியே தெரியாமல் போய்விடும் என்பது சாஸ்திரம். அப்புறம் செயினைச் சுண்டிப் பார்ப்பார். டயரில் எந்த வருஷத்து முத்திரை என்று படிப்பார். டேங்க் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்து, பழக்க தோஷத்தில் "இன்னும் கொஞ்சம் தெறங்க" என்பார். கடைசியில் ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு, கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்தவரைப் போலக் கேட்பார். இவ்வளவும் முடிந்த பிறகு எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு ஒரு வாக்கியம் சொல்வார். "வண்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் எது வேண்டுமானாலும் வரலாம். ஆனா, கலர் கொஞ்சம் அடிக்குது. ஆனா, ரெண்டு பேர் கை மாறியிருக்கு. ஆனா, ஒரே ஆள் வெச்சிருந்திருக்காரு, அப்ப ஓட்டியிருக்கவே மாட்டாரு. ஒருமுறை எந்தக் குறையும் அகப்படாமல் திணறி, "ஆனா, இவ்வளவு நல்ல வண்டிய இவரு ஏன் விக்கறாரு?" என்று சந்தேகப்பட்டுத் திரும்பி வந்தார்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். அக்காவுக்கு. கல்யாணமான புதிதில் இருவரும் ஓர் ஓட்டை வண்டியில் ஊர் ஊராகச் சுற்றியவர்கள். ஸ்போர்ட்ஸ் பைக் வந்த பிறகு அக்கா அதன் பின்சீட்டில் ஒரே ஒரு தடவை ஏறினாள். அது சீட்டே இல்லை. சோப்புப் பெட்டியைப் பீரோவின்மேல் வைத்த மாதிரி ஒரு ஏற்பாடு. பிரேக் போட்டபோதெல்லாம் இரண்டு ஹெல்மெட்டும் டங் டங்கென்று மோதிக்கொண்டன. பாதி வழியில் இறங்கி பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றிலிருந்து அவர் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். "உனக்காகவே ஒரு ட்வின் வாங்கறேன், பாரு" என்று அத்தான் சொன்னது அன்றைக்குத்தான். அந்தப் பழைய சந்தோஷம் திரும்பி வரும் என்று அக்கா நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

போன மாதம் ஒரு கணக்கு வாத்தியார் வீட்டில் ஒரு ட்வின் இருப்பதாகத் தெரிந்தது. "இந்தத் தடவ நானும் வரேன்" என்று அக்காவும் எங்களோடு என் காரில் ஏறிக்கொண்டாள். வாத்தியார் சாது. முன்வாசலில் போர்வை போர்த்தி நிறுத்தியிருந்த வண்டியை அவர் காட்ட, அவர் மனைவி பக்கத்தில் நின்று, "இது போயிட்டா இங்க என் தையல் மெஷினப் போட்டுக்குவேங்க. உள்ள வெளிச்சமே இல்ல" என்று அந்த இடத்தைக் கையால் அளந்து காட்டினார்.

அத்தான் எஞ்சினைத் தொட்டார். ஜில்லென்று இருந்தது. செயின், டயர், டேங்க், எல்லாம் சுத்தம். அக்கா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அகலமான சீட்டு. தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தபோது அக்காவின் கை அத்தான் தோளில் இருந்தது, அவள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. இறங்கி என் காதருகே வந்து, "டேய், இதுதான்டா" என்றாள்.

அத்தானும் வண்டியிலிருந்து இறங்கி முழங்காலைத் தட்டிக்கொண்டார். "வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றார்.

நாங்கள் காத்திருந்தோம். 'ஆனா' வரவில்லை! சத்தியமாக வரவில்லை. அத்தான் பர்ஸை எடுக்கச் சட்டைப்பையில் கையை விட்டார்.

அந்த நேரம் பார்த்து வாத்தியாருக்கு மனசாட்சி உறுத்த வேண்டுமா?

"சார், ஒண்ணு சொல்லிடறேன். மறைச்சு விக்கற பழக்கம் எனக்குக் கிடையாது. ஸ்டார்ட் பண்ணி சும்மா நின்னுக்கிட்டு இருக்கும்போது வண்டில ஒரு தடதடப்பு இருக்கு. என்னன்னே தெரியல. அதுக்குப் பயந்துதான் ஓட்டாமயே போட்டு வெச்சிட்டேன்."

வேறு யாராவதாக இருந்தால் என்ன செய்திருப்பார்கள்? "அப்படியா, பெரிய கோளாறாச்சே" என்று உதட்டைப் பிதுக்கி, விலையில் கொஞ்சம் குறைத்து, சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். நம் இனத்தாரால் அப்படிச் செய்யமுடியாது. வண்டியை விட்டுக்கொடுப்பார்கள், வண்டியைப் பற்றித் தப்பாக ஒருவர் பேசினால் மட்டும் விடமாட்டார்கள்.

"கோளாறா!" என்று அத்தான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "யாரு சார் சொன்னது கோளாறுன்னு? ரெண்டு பிஸ்டனும் சேர்ந்தாப்ல போகாது சார். ஒண்ணு முன்ன, ஒண்ணு கொஞ்சம் பின்ன. அதனால வர்ற துடிப்பு அது. இதுக்காகத்தான் சார் ஜனங்க இந்த வண்டியத் தேடி அலையறாங்க! இனிமே இப்படி ஒரு எஞ்சின் செய்வாங்கன்னா நெனைக்கறீங்க? நீங்க கையில வெச்சிருக்கறது என்னன்னு உங்களுக்கே தெரியல சார்."

அக்கா "ஏங்க" என்றாள். அத்தான் காதில் விழவில்லை. "ஏங்க, போதுங்க" என்றாள். ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, வாத்தியாரின் கையைப் பிடித்து டேங்கின்மேல் வைத்து, "இப்ப கேளுங்க. கண்ண மூடிட்டுக் கேளுங்க" என்றார் அத்தான். வாத்தியார் கண்ணை மூடினார். தலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. அத்தானின் அதே சாய்வு.

கண்ணைத் திறந்த வாத்தியார் சாவியை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டார். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. குடுக்க மனசு வரல."

அவர் மனைவி அத்தானை ஏற இறங்கப் பார்த்தார். "இதுவரைக்கும் வந்தவங்கல்லாம் கொற சொல்லி வெலையக் கொறைச்சாங்க. நீங்க ஒருத்தர்தான் புகழ்ந்து தள்ளி வண்டியையே இல்லாம பண்ணிட்டீங்க" என்றார். அக்காவும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது அத்தான் வருத்தப்பட்டார் என்றா நினைக்கிறீர்கள்? முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "நல்ல மனுஷன். வண்டி சரியான எடத்துலதான் இருக்கு" என்று மூன்று முறை சொன்னார். பாவம், அத்தானுக்கு ட்வின் வாங்கினால் ஸ்போர்ட்ஸ் பைக்கை விற்க வேண்டும், விற்றால் வயதாகிவிடும். அது எனக்குப் புரிகிறது. காரின் பின்சீட்டில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டதும் புரிந்தது. அன்றைக்கு அத்தான்மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதமுடியாது.

கதை அதோடு நிற்கவில்லை. அடுத்த ஞாயிறு காலை நான் அக்கா வீட்டில் இருந்தபோது வாசலில் தடதடவென்று ஒரு சத்தம். வாத்தியார் அதே வண்டியில் வந்து நின்றார். "சார், ஒருத்தர்கிட்ட ட்வின் ஒண்ணு இருக்காம். சும்மா ஒரு பார்வை பார்த்துட்டு வந்துடலாமா?" அத்தான் டார்ச்சை எடுத்துக்கொண்டு பாய்ந்து போய்ப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். அகலமான சீட்டு, சௌகரியமாக இருந்திருக்கும். இருவரும் தெருமுனை திரும்பும் வரை அக்கா வாசலில் நின்று பார்த்தாள். "உங்க அத்தானுக்கு ஜோடி கெடைச்சாச்சு" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இப்போதெல்லாம் ஞாயிறு தவறுவதில்லை.

நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். 'எனக்கு சைக்கிளே சரியாக ஓட்ட வராது, எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்' என்று ஒரு தெம்பு உங்களுக்கு. மோட்டார் சைக்கிள்தான் என்று யார் சொன்னது? வீடு பார்க்கிறவர், வரன் பார்க்கிறவர், பத்து வருஷமாக ஒரு சோபா பார்க்கிறவர் என்று இந்த இனத்துக்குக் கிளைகள் ஏராளம். உங்கள் முடிவுக்காக யாராவது உட்காராமல் நின்றுகொண்டிருக்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்ததே? "இரு, இதப் படிச்சு முடிச்சிட்டு வரேன்" என்று குரல் கொடுத்தது நீங்கள்தானே?