முடிந்த சண்டைக்குப் பட்டியல் போட்டவர்

சண்டைக்காரர்களைப் பற்றி உலகம் வேண்டிய மட்டும் எழுதிவிட்டது. சமாதானக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறதே, அதை ஏன் எல்லோரும் விட்டுவைத்தார்கள்? பதினோரு வருஷம் அந்த இனத்தோடு ஒரே வண்டியில் தூசி தின்ற மொழிபெயர்ப்பாளன் என்கிற உரிமையில் நான் சொல்கிறேன், கேளுங்கள்.

அவரை அடையாளம் காண்பது சுலபம். வெள்ளை வண்டி, அதன் மூக்கில் ஒட்டடைக்கம்பு உயரத்துக்கு ஓர் ஏரியல், உடம்பில் பதினாறு பைகள் தைத்த சட்டை. முதலில் பேனர் இறங்கும், பிறகு பிளாஸ்டிக் நாற்காலிகள், பிறகு தண்ணீர் பாட்டில்கள், பிறகு பெரிய பெரிய காகிதங்களைத் தொங்கவிடும் ஸ்டாண்டு, எல்லாம் இறங்கி முடிந்த பிறகு அவர். ஆடுமாடு மேய்க்கும் எங்கள் துர்கானா இனத்துப் பெரியவர்கள் உட்காரும் மணையைக் கையோடு கொண்டு திரிகிறவர்கள். இருந்தால் என்ன? நாற்காலி போட்டால்தான் அவருக்குக் கூட்டம். எந்தக் கூட்டம் முடிந்தாலும் "இது ஒரு நல்ல தொடக்கம்" என்பார். அதே இடத்தில், அதே ஆட்களோடு, ஏழாவது முறையாகவும் நல்ல தொடக்கம்தான். "தார்ஃபூரில் நாங்கள்" என்று பழைய போர்க்களக் கதையை ஆரம்பித்தாரானால் கையிலிருக்கும் தேநீரைச் சட்டென்று குடித்துவிடுங்கள், ஆறிவிடும்.

கெட்டவரா? சத்தியமாக இல்லை. எங்கள் வெசோங்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். நீலத் தொப்பி போட்ட அமைதிப்படையோடு இருந்த காலத்தில், சுட்டுக்கொண்டிருந்த இரண்டு கூட்டங்களுக்கு நடுவே வெள்ளைத் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மருந்து லாரிக்கு முன்னால் நடந்தவர். துப்பாக்கிக்கு அவர் பயப்பட்டதே இல்லை. நிகழ்ச்சி நிரலில் வரிசை மாறினால்தான் நடுங்கிப் போவார்.

போன வறட்சியில் எங்களுக்கும் அக்கரை இனமான பொக்கோட்டுகளுக்கும் நடுவே காய்ந்து கிடந்த ஆற்றில் ஒரே ஒரு ஊற்று மிஞ்சியது. மூன்று நாளாக இரு பக்கமும் துப்பாக்கியோடு நின்றதில் எந்த வாயில்லா ஜீவனும் தண்ணீரைத் தொடவில்லை. வெசோங்காவின் வட்டார அமைதி அலுவலகம் கூட்டத்துக்கு நாள் குறித்தது. அன்று காலை நாங்கள் போய்ச் சேரும்போது மணி பத்து. அதற்குள் பெரியவர்கள் மரத்தடியில் பேசி முடித்து, வெள்ளை எருதை அடித்து, அதன் இரைப்பையில் இருந்த பாதி செரித்த புல்லை ஒருவர் மார்பில் ஒருவர் பூசிவிட்டிருந்தார்கள். ஊற்றில் முற்பகல் எங்கள் ஆடு, பிற்பகல் அவர்கள் மாடு. சண்டை தீர்ந்தது. இறைச்சி வெந்துகொண்டிருந்தது.

வெசோங்காவின் முகம் வாடிவிட்டது. திட்டப்படி சமாதானம் வருவது இரண்டாம் நாள் மாலையில். முதல் நாள் முற்பகலில் குறைகளைப் பட்டியலிட வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் வரும்வரை எந்தத் தரப்பும் ஊற்றைத் தொடக் கூடாது, அதுதான் நடுநிலை என்று சொல்லிவிட்டார். சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். அதற்குத்தானே எனக்குச் சம்பளம்?

பட்டியல் தொடங்கியது. பொக்கோட் பெரியவர் டொமொக்வாங் குறை ஒன்றும் இல்லை என்றார். நன்றாக யோசியுங்கள் என்றார் வெசோங்கா. யோசித்ததில், பதினெட்டு வருஷத்துக்கு முன் காணாமல் போன ஒரு சிவப்பு எருது நினைவுக்கு வந்தது. எங்கள் பெரியவர் எகுவாம், அந்த எருதின் தாய்ப் பசுவே எங்களிடமிருந்து ஓட்டிப் போனதுதானே என்றார். காகிதம் நிறைந்தது. இன்னொரு காகிதம். இளவட்டங்கள் மெல்ல எழுந்து துப்பாக்கி சாத்தியிருந்த புதர்ப் பக்கம் பார்க்க ஆரம்பித்தார்கள். வெசோங்காவோ, உரையாடல் சூடு பிடிப்பதாக மகிழ்ந்தார்.

அப்போதுதான் ஆடுகளோடு ஓரமாக நின்றிருந்த நாகிரு என்ற எங்கள் பெண் என்னைக் கூப்பிட்டாள்.

"முப்பத்திரெண்டு ஆடு. மூணு நாளா நாக்கு நனையல. ஒண்ணு படுத்துடுச்சு. இவரு எழுதி முடிக்கிற வரைக்கும் அது உசுரோட இருக்குமான்னு கேட்டுச் சொல்லுப்பா."

கேட்டேன். வெசோங்கா உருகிப் போனார்.

"அவங்க வலி எனக்குப் புரியுது. அதையும் பட்டியல்ல சேர்த்துக்குவோம்."

நாகிரு அவரை விட்டுவிட்டு டொமொக்வாங்கின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, உங்களுக்கும் எங்களுக்கும் காலையிலேயே தீர்ந்துபோச்சு. இப்ப தண்ணிய மறிச்சுக்கிட்டு நிக்கிறது யாரு?"

இரண்டு பெரியவர்களும் ஒரே நேரத்தில் வெசோங்காவைப் பார்த்தார்கள்.

"அட, மூணாவது கட்சி இவருதான்யா," என்றார் டொமொக்வாங்.

"இவரோட நாம இன்னும் சமாதானம் ஆகலையே," என்றார் எகுவாம். "பூசறதுக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்குல்ல?"

நிறையவே இருந்தது. ஆளுக்கு ஒரு பிடி அள்ளி, கழுத்திலிருந்து தொப்புள்வரை, பதினாறு பைக்கும் வஞ்சனையில்லாமல், மிகுந்த மரியாதையோடு பூசினார்கள். பூசிக்கொண்டவன் பூசியவனின் தண்ணீரை மறிக்கக் கூடாது, அது எங்கள் வழக்கம். மனிதர் அசையாமல் நின்றார். கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் நாகிருவின் ஆடுகள் ஊற்றில் முட்டி மோதிக்கொண்டிருந்தன. படுத்த ஆட்டை டொமொக்வாங்கின் பேரன்கள் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அது குடித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததை ஒளிப்பானேன்?

"கூட்டத்தின் பயனாக இரு தரப்பும் ஒரே முடிவுக்கு வந்தன" என்று வெசோங்கா அறிக்கை அனுப்பினார். ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இந்த இனத்தைப் பார்க்க நீங்கள் துர்கானாவுக்கு வண்டி கட்டிக்கொண்டு வர வேண்டியதில்லை. ஆறு மாதம் பேசாமலிருந்த அண்ணனும் தம்பியும் அன்றைக்கு நான் விருந்தாளியாக வந்திருந்த உங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் அப்பளம் நகர்த்திக்கொண்டிருந்தார்களே, நினைவிருக்கிறதா? அவர்கள் நடுவே நாற்காலியை இழுத்துப் போட்டு, "நல்லதாப் போச்சு, ஆனா ஆரம்பத்துல யாரு என்ன சொன்னீங்கன்னு இப்பவே பேசித் தீர்த்துடுங்க" என்று ஒருவர் சொன்னார்.

இரண்டு பேரும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான் இல்லை.