தொண்ணூற்று நாலு மார்க் மண்டை

சங்கமித்ராவின் மூளை பழுதில்லாமல் வேலை செய்கிறது என்று கம்ப்யூட்டர் எழுதிக் கொடுத்துவிட்டது. அந்தத் தாளைப் பிடித்தபடி கோச் தாமோதரன் வியாசர்பாடி மைதானத்தில் நின்றார். எதிரே சங்கமித்ரா வலது கால் ஷூவை இடது காலில் திணித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் முன்பு, பெண்கள் கால்பந்து அரையிறுதியில், பந்தைத் தலையால் முட்ட எகிறியவள் எதிரணிக்காரியின் தலையில் மோதிவிட்டாள். தலையில் அடிபட்டவர்கள் கம்ப்யூட்டர் பரீட்சையில் தேறினால்தான் ஆடலாம் என்பது கால்பந்துச் சங்கத்தின் புது விதி. வார்த்தைகளை நினைவு வைக்க வேண்டும். திரையில் நிறம் மாறிய நொடியே தட்ட வேண்டும். சீசன் ஆரம்பத்தில் எடுத்த மார்க்குக்குக் கீழே இறங்கினால்தான் ஆபத்தாம். அப்போது சங்கமித்ரா எடுத்தது நாற்பத்தொன்று. அடிபட்ட பிறகு தொண்ணூற்று நாலு.

அவள் அம்மா சுகிர்தத்துக்கு மனசு ஆறவில்லை. "மண்டையில இடிச்சா மார்க்கு ஏறும்னா, நான் இன்னாத்துக்கு சார் இவள டியூசனுக்கு அனுப்பிகினு கீறேன்?"

தாமோதரன் கிளப் செயலாளர் கமாலிடம் போனார். பெண் தடுமாறுகிறாள், ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்தில் இறக்க வேண்டாம் என்று கெஞ்சினார். அவள் இல்லாமல் கோப்பை ஏது என்று கமால் கையை விரித்தார். "மிசினுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா மாமு?"

மிஷினின் யோக்கியதையைக் காட்டிவிடுவது என்று, தாமோதரன் சங்கத்துக்குப் போய்த் தானே பரீட்சை எழுதினார். முப்பத்தெட்டு. பழைய மார்க் இல்லாதவர்களுக்குப் பாதிக்குக் கீழே போனாலே ஆபத்தாம். 'மூளையில் பலத்த அடி. மைதானத்தில் அனுமதிக்காதீர்' என்று அச்சாகி வந்தது. சங்கத்து அதிகாரி அதைப் படித்த கையோடு அவரை விலக்கி வைத்தார்.

கூட வந்த கமால் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த வாயோடு உட்கார்ந்து தானும் எழுதினார். இருபத்தொன்பது.

அதிகாரி இரண்டு தாளையும் சேர்த்துவைத்துப் பார்த்தார். ஒரே கிளப்பில் இத்தனை மண்டை கெட்டிருந்தால் நாளை யார் பதில் சொல்வது? மீதிப் பத்துப் பெண்களையும் வரவழைத்து மறுபடி எழுதவைத்தார். ஒருத்தியும் தன் பழைய மார்க்கைத் தொடவில்லை.

சாயங்காலத்துக்குள் அந்தக் கிளப்பில் ஆடத் தகுதியுள்ள மூளை ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. அதன் சொந்தக்காரி, அரையிறுதி என்றைக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

தாமோதரன் அதற்குமேல் காத்திருக்கவில்லை. யாரையும் கேட்காமல் தாயையும் மகளையும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டரம்மா கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. கண்ணில் டார்ச் அடித்தார். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். சாய்ந்தவளைத் தாங்கிப் பிடித்தார். மூளை அதிர்ந்திருக்கிறது, தான் சொல்லும்வரை பந்தைத் தொடவே கூடாது என்றார். அதுவரை மகளை அதட்டிக்கொண்டே வந்த சுகிர்தம், அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

மறுநாள் டாக்டர் சீட்டோடு தாமோதரன் சங்கத்துக்குப் போனார். ஆட ஆளில்லாமல் இறுதி ஆட்டம் தள்ளிப்போயிருந்தது. பரீட்சைக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் அனம் சீட்டை வாங்கிப் படித்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. ஊரே கோட்டை விட்ட பரீட்சையில் சங்கமித்ரா மட்டும் எப்படித் தேறினாள் என்று தாமோதரன் கேட்டார்.

அனம் குரலைத் தாழ்த்தினாள். "இந்த மவுசு ஒரு வருசமா மக்கர் பண்ணிகினு கீது சார், இப்பல்லாம் அமுக்குனா அமுங்கறதே இல்ல. பாவம், அடிபட்ட பொண்ணாச்சேன்னு அதுக்கு மட்டும் ஆபிசரு மவுச மாட்டிக் குடுத்தேன்."