வாசிக்கிறாள், ஆனால் வாசிக்க மாட்டேன் என்கிறாள்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகளும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், துணி துவைக்கிறோம். இதற்குப் பெயர் நலம் என்றால் நலம். அங்கே உன் முழங்கால் வலியும் அத்தானின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

சும்மா கிடந்தால் வயலினை உன் பேத்திக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். கொடுத்துவிடலாம். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பெண்டாட்டி போனதிலிருந்து உன் தம்பிக்கு மூளை கலங்கிவிட்டது என்பார் அத்தான். பாதி உண்மைதான்.

போன மாதம் வயலின் டீச்சர் என்னை வாசலில் நிறுத்தி, "உங்க பொண்ணு நல்லா வாசிக்கிறா சார், ஆனா வாசிக்க மாட்டேங்கிறா" என்றார். என் படிப்புதான் உனக்குத் தெரியுமே. தலையை ஆட்டிவிட்டு வந்து, பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை போலிருக்கிறது என்று முடிவுகட்டி, மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே போய்ப் புலம்பினேன். வகுப்பு டீச்சர், "தடுமாறாம வாசிக்கிறவளே இவ ஒருத்திதான் சார்" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சரி, அப்போ கண்ணுலதான் கோளாறு என்று கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இவள் கடைசி வரிப் பொடி எழுத்தையெல்லாம் கடகடவென்று ஒப்பித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கண்ணாடி எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். என் கையெழுத்து இவ்வளவு கேவலம் என்று இப்போதுதான் தெரிகிறது.

கடைசியில் வயலின் டீச்சரே தலையில் அடித்துக்கொண்டு, "ஐயோ சார், வயலின் வாசிக்கிறா, நோட்ஸ் வாசிக்க மாட்டேங்கிறா!" என்று விளக்கினார். நோட்ஸ் என்றால் ஐந்து கோட்டின்மேல் குறி போட்டுப் பாட்டை எழுதின தாள். புதுத் தாளை முன்னால் வைத்தால் இவள் வில்லைத் துடைப்பதுபோல் பாவனை செய்வாளாம். பக்கத்துப் பிள்ளை வாசிக்க ஆரம்பித்ததும் காதால் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவாளாம். இந்தச் சனிக்கிழமைக்குள் தானாகப் பார்த்து வாசிக்காவிட்டால் சின்னப்பிள்ளைகள் வகுப்புக்கு இறக்கிவிடுவாராம்.

நான் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவன். குனிந்து ஒரு பார்வை, எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வீடு. பார்த்தவுடன் வாசிப்பது என் பிழைப்பே! ஐந்து கோடு என்ன பெரிய கோடு, நாமே கற்றுக்கொண்டு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்போம் என்று அந்தச் சின்னப்பிள்ளைகள் நடுவே முக்காலியில் போய் உட்கார்ந்தேன். வாசித்து முடித்த பகுதியை டீச்சர் ஓர் அட்டையால் மூடிக்கொண்டே வருகிறார், கண் பின்னால் போகக் கூடாதாம். "தப்பு வந்தா வரட்டும், நிக்காதீங்க. முதல் பார்வைங்கிறது ஒரு தடவைதான் கிடைக்கும்." நான் பலமாகத் தலையாட்டினேன். பக்கத்திலிருந்த ஆறு வயசு, "அங்கிள், பேப்பரைத் தலைகீழா வச்சிருக்கீங்க" என்றது.

வீட்டுக்கு வந்து அந்த உபதேசத்தை மகளிடம் அப்படியே கொட்டினேன். அவள் வயலின் பெட்டியைத் திறந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தாள். எனக்குத் தெரிந்த தாள்தான். இவளோடு கூடவே உட்கார்ந்து வயலின் கற்றுக்கொண்டவள் இல்லையா அவள் அம்மா, ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் படுத்தபடியே கோடு போட்டு, தானே கட்டிய மெட்டு ஒன்றை எழுதி, "கேட்டு வாசிக்காதே, பார்த்து வாசி" என்று இவள் கையில் கொடுத்தது. முடிகிற இடத்தில் ரெண்டு சொட்டு மைகூடச் சிந்தியிருக்கும், மகளிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

"டீச்சரை வாசிச்சுக் காட்டச் சொல்லவாம்மா?" என்றேன்.

"வேணாம்ப்பா. நான் கேட்டுடுவேன்."

"அப்ப நீயே வாசியேன்."

"நோட்ஸ் நல்லாப் பழகிட்டா, தாளைப் பார்த்தாலே மனசுக்குள்ள கேட்டுடும்ப்பா. கேட்டுட்டா அம்மா தீந்துடுவாங்கல்ல? ஒரு தடவைதான்னு நீங்களே சொல்றீங்க."

அடுப்பில் ஏதோ கொதிப்பதுபோல எழுந்து போனேன். அடுப்பை நான் பற்றவைத்திருக்கவே இல்லை.

இதற்கு மேல் அவளை வற்புறுத்த எனக்குத் தெம்பில்லை அக்கா. சின்னப்பிள்ளைகளோடு உட்கார்ந்து அவள் கூசிப்போகவும் வேண்டாம். வகுப்பை நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து வயலினை எடுத்துக்கொண்டு போ. பெட்டியின் கைப்பிடி ஆடுகிறது, அடியில் தாங்கிப் பிடி. பேத்தி அதைத் தேம்ப விடாமல் பாட விடட்டும் என்று என் ஆசி. அத்தானுக்கு என் வணக்கம், அவர் ஏற்றுக்கொள்கிற நிலையில் இருந்தால்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: கவரை ஒட்டிக்கொண்டிருந்தேன். கொடுப்பதற்கு முன்னால் துடைத்து வைக்கச் சொல்லியிருந்த வயலினிலிருந்து உள்ளே சத்தம் வந்தது. அந்தத் தாள்தான். மூன்று இடத்தில் தப்பு என்று என் காதுக்கே தெரிந்தது, அவள் நிற்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்தான், முடிந்துவிட்டது. விரலெல்லாம் பசையோடு ஓடினேன். அழுகிறாளோ என்று பார்த்தால், தாளில் மூக்கு ஒட்டப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "அப்பா, மை சிந்திடுச்சுன்னு சொன்னீங்களே, இது மை இல்லப்பா. கோட்டுக்கிட்ட ரெண்டு புள்ளி வச்சா, திரும்ப முதல்லேருந்து வாசின்னு அர்த்தம்!" டீச்சர் சட்டப்படி ஒரு தடவை திரும்பினால் போதுமாம். இங்கே இப்போது நாலாவது தடவை ஓடிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வா அக்கா. வயலினுக்காக வராதே.