பூச்சியாரின் கடைசி சீசா

"ஒண்ணுகூட வரலையா?" சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"வரும், வரும். ஆண் அந்துப்பூச்சிக்குக் கூச்சம் ஜாஸ்தி" என்றார் பூச்சியார்.

தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சிகளோடே குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவர். மோந்து மோந்து அவர் மூக்கு அவருக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. பெண் அந்துப்பூச்சி ஆணை அழைக்க விடும் வாசனையை அச்சு அசலாகக் கலந்து காட்டியதுதான் அவருடைய வாழ்நாள் சாதனை. ஒரு சொட்டு வைத்தால் பக்கத்து ஊர்ப் பூச்சிகூடப் பெட்டி படுக்கையோடு வந்துவிடும். அதில் கடைசி சீசா, லேபிள் உதிர்ந்துபோய், வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்தது. பக்கத்தில் தக்காளி, அதற்குப் பக்கத்தில், மாடியில் பியூட்டி பார்லர் நடத்தும் பெண் தன் ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனதால் கொண்டுவந்து வைத்த சாமான்கள்.

பழைய சிஷ்யர், இப்போதைய இயக்குநர், போனில் சொல்லியிருந்தார்: "சார், பூச்சியோட வாசனை ஊருக்கு ஊர் வேற. காலம் போகப் போகவும் மாறுது. உங்க கலவை இனி எடுபடாது. வெள்ளிக்கிழமை கூட்டத்துல நிறுத்திடலாம்னு இருக்கோம்."

அதற்குள் ஒரு பூச்சியாவது பொறியில் விழுந்தாக வேண்டும். மானப் பிரச்சினை.

தோட்டத்துப் பொறியில் இன்னும் நாலு சொட்டு விட்டார். விடிந்து பார்த்தால், உலகத்து எறும்பெல்லாம் வரிசையில் நின்றது.

"என்னங்க, அடுப்படி வரைக்கும் வந்துடுச்சு!"

"நம்ம ஊர்ப் பூச்சி சரியில்ல. உன் தம்பி தோட்டத்துல வெச்சுப் பார்க்கிறேன்."

மலைக்கு அந்தப் பக்கம் மச்சினனின் பழத்தோட்டம். அங்கே தாராளமாகவே ஊற்றினார். அங்கேயும் எறும்புதான், கடிக்கிற ஜாதி.

"பூச்சியைக் கூப்பிடுறேன்னு வந்து என்னைத் துரத்துறீங்களே மாமா!" என்று ஒற்றைக் காலில் நின்று மறுகாலைச் சொறிந்தான் மச்சினன்.

வெள்ளிக்கிழமை. தோற்றுப்போனதாகச் சொல்வதைவிடக் கண்டுபிடித்ததாகச் சொல்வது கௌரவம் என்று பூச்சியாருக்குப் பட்டது. கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"என் கலவையோட காலம் முடிஞ்சுபோச்சு! மலைக்கு இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி, அந்துப்பூச்சி அந்த வாசனையைக் கைவிட்டுடுச்சு. இப்போ அதை எறும்பு எடுத்துக்கிட்டிருக்கு!"

கைதட்டலில் கூரை ஓர் அடி எழும்பி உட்கார்ந்தது. இயக்குநர் கண் கலங்க, கலவைத் தயாரிப்பை நிறுத்தும் உத்தரவில் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

பூங்கொத்தோடு வீடு திரும்பினால், மாடிப்படியில் பார்லர் பெண் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"ஐயா, ஃப்ரிட்ஜ்ல என் தேன் லோஷனுக்குப் பதிலா உங்க சீசாவை எடுத்துட்டேன் போல. நேத்து சாயங்காலம் ஒரு கல்யாணப் பொண்ணுக்குப் பூசிவிட்டேங்க. மொய்ச்ச அந்துப்பூச்சியில மாப்பிள்ளை இன்னும் பொண்ணைத் தேடிட்டு இருக்காராம்!"