பின்வாசல் பூட்டியாச்சு

திருவனந்தபுரம்,
வெள்ளிக்கிழமை காலை.

சிரஞ்சீவி ஹரிஷங்கருக்கு, உன் அக்கா அனந்தலக்ஷ்மி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நலம் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுவது நம் வழக்கம். இந்தத் தடவை எழுதவில்லை. முழுக்கப் படித்துவிட்டு, நான் நலமா இல்லையா என்று நீயே முடிவு செய்துகொள். எப்படியும் என்னைப் பற்றிய முடிவுகளை இப்போதெல்லாம் நீதான் செய்கிறாய்.

உன் கடிதமும், அதோடு வைத்திருந்த விற்பனை ஒப்பந்தமும் கிடைத்தன. டி.வி.யில் நம் வீட்டையும், கையில் துடைப்பத்தோடு ஒரு போலீஸ் அதிகாரிக்கு எதிரே நிற்கும் என்னையும் பார்த்துவிட்டு, நீயும் ஆஷாவும் கோயம்புத்தூரில் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவே இல்லை என்று எழுதியிருந்தாய். நான் நன்றாகச் சாப்பிட்டேன். யுனிவர்சிட்டிக்குப் பின்னால் இருக்கிற இந்தத் தெருவில் அறுபத்தாறு வயசுப் பொம்மனாட்டி தனியாக இருப்பது ஆபத்து, ஆகையால் வீட்டை எர்ணாகுளம் பார்ட்டிக்குக் கொடுத்துவிட்டு உன் பன்னிரண்டாவது மாடிக்கு வந்துவிட வேண்டும், ஒண்ணாம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்பது உன் உத்தரவு. டிரஷரியில் வேலை பார்த்த காலம் முழுக்கக் கையெழுத்துப் போட்டவள் நான். எதில் போடக்கூடாது என்று எனக்குத் தெரியும். இதில் போடமாட்டேன். ஏன்னு கேளு.

நம்மாத்தோட அமைப்பு உனக்கு மறந்துபோயிருக்கும், அதனால சொல்றேன். ரெண்டு பக்கமும் பொதுச்சுவர், ஒரு ஜன்னல் கிடையாது. வாசல், கூடம், அடுக்களை, கொல்லை எல்லாம் ஒரே நேர்க்கோடு. பின்கதவைத் திறந்து போட்டாத்தான் காத்து. பின்கதவுக்கு எதிரே சந்து, சந்துக்கு அந்தண்டை யுனிவர்சிட்டி மதில், அந்த மதில் நம்மாத்துக்கு நேரே மட்டும் குட்டையாக்கும். பின்னே என்ன நடக்கும்? போன மழைக்காலத்துல ஒரு ஸ்ட்ரைக். எதுக்குன்னு கேக்காதே, நானே கேட்டேன், மூச்சு வாங்கினதுல ஒருத்தனுக்கும் சொல்ல முடியலை. நான் பருப்பு வெந்துதான்னு பாத்துண்டிருக்கேன், டம்முனு ஒரு சத்தம், கண்ணு எரியறது, கொல்லை வழியா ஒரு தடியன் சேறு அப்பின செருப்போட தடதடன்னு ஓடி வரான், அவன் பின்னால இன்னொருத்தன், அவன் பின்னால ஒரு பட்டாளம். நீயா இருந்தா மயக்கம் போட்டிருப்பாய். எனக்கு அப்போதான் துடைச்ச கூடம்தான் கண்ணுல பட்டுது. செருப்பைக் கழட்டுடா கழுதேன்னு ஒரு கத்தல் கத்தினேன். கழட்டிட்டான், ஹரி. ஓடற ஓட்டத்துல நின்னு, குனிஞ்சு, கழட்டிக் கைல எடுத்துண்டு, "சோரி அம்மே"ன்னு சொல்லிட்டு ஓடினான். பின்னால வந்த பட்டாளமும் அப்படியே பண்ணித்து. அடுத்த ஸ்ட்ரைக்குக்கு வரச்சே மதில் மேல ஏறும்போதே எல்லார் செருப்பும் கைல இருக்கு, ஒருத்தி அந்த அவசரத்துலயும் வாசல் கோலத்தை மிதிக்காம சுத்திண்டு போறா. பெத்தவாளால முடியாததை நான் சாதிச்சிருக்கேன், அதுக்கு எனக்கு ஒரு நல்ல வார்த்தை உண்டா, இந்தத் தெருவுல?

கிடையாது. அடுத்தாத்துக் கல்யாணராமன், அவர்தான் இப்போ தெருச் சங்கத்துக்குச் செக்ரட்டரி, சட்டைப் பித்தானைப் போட்டுண்டே வந்து, "இது பாரம்பரியத் தெருவாக்கும், முனைல போர்டே வச்சிருக்கா, இதுல பசங்க இப்படி ஓடலாமா"ன்னு கேட்டார். பாரம்பரியம்னு எழுதியிருக்கு, ஓடப்படாதுன்னு எழுதலையேன்னு சொன்னேன். அவர்தான் உனக்கு ஃபோன் பண்ணி வத்தி வச்சார்னு எனக்குத் தெரியும். இதைப் படிச்சுட்டு அவருக்கே திருப்பி ஃபோன் பண்ணு, எனக்கு ஒரு விரோதமும் இல்லை.

இப்போ டி.வி. விஷயத்துக்கு வரேன். கைல துடைப்பம் எதுக்குன்னு கேட்டிருந்தாய். பெருக்கிண்டிருந்தேன், வேற எதுக்கு? பசங்க எல்லாம் செருப்பும் கையுமா ஓடிப் போயாச்சு, பின்னாலயே போலீஸ். புதுசா வந்த எஸ்.ஐ., வினய்னு பேரு, மீசை இப்போதான் அரும்பியிருக்கு, கணுக்காலுக்கு மேல வரைக்கும் லேஸ் கட்டின பூட்ஸ். "அம்மே, டியூட்டியாணு, மாறி நில்லு"ன்னு என்னை ஒதுங்கச் சொன்னான். "டியூட்டி கதவுக்கு வெளில. பூட்ஸைக் கழட்டிட்டு வா. அத்தனை பசங்களும் கழட்டிட்டுத்தான் போனா. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?"ன்னேன். யோசிச்சான், பாவம். அவன் பின்னால கேமராக்காரன் நிக்கறான். குனிஞ்சான். மழைல நனைஞ்ச லேஸ், ஈர முடிச்சு, இழுக்க இழுக்க இறுகறது. அவன் பின்னால வந்த கான்ஸ்டபிள்களும் வரிசையாக் குனிஞ்சா, நம்ம கொல்லை எவ்வளவு இருக்கும், ஒருத்தர் தலை ஒருத்தர் மேல முட்டறது. அவா பூட்ஸ் கழட்டி முடிக்கறதுக்குள்ள பசங்க தெருமுனைல டீ சொல்லி, குடிச்சு, டம்ளரும் வச்சாச்சு. வினய் காலுறையோட உள்ள வந்தான், ஓட்டை வழியாக் கட்டைவிரல் எட்டிப் பாக்கறது. அதை டி.வி.ல காட்டலை, என் துடைப்பத்தைத்தான் காட்டினான்.

டி.வி.ல காட்டாத இன்னொண்ணும் இருக்கு. பட்டாளத்துல ஷெமின்னு ஒரு பொண்ணு, மதில்லேர்ந்து குதிச்சதுல கால் பிசகிடுத்து, ஓட முடியாம அடுக்களைல உக்காந்துட்டா. நான் அவசரத்துக்கு அரிவாள்மணையையும் வாழைக்காயையும் அவ முன்னால தள்ளிட்டுத்தான் பின்கதவுல வந்து நின்னேன். வினய் எட்டிப் பாத்தான், "இதாரு?"ன்னான். அடுக்களை சகாயத்துக்கு வர குட்டின்னேன். தட்டைப் பாத்தான். "அவியலினோ?" ஆமான்னேன். அவ வாழைக்காயை வட்ட வட்டமா நறுக்கி வச்சிருக்கா, ஹரி. இந்த ஊர்ல அவியலுக்கு வட்டமா நறுக்கற ஒரு ஜீவன் இருக்குமா? அவன் தட்டைப் பாத்தான், வீங்கின காலைப் பாத்தான், என்னைப் பாத்தான். அப்புறம் அவகிட்ட, "நீளத்தில் அரியணம், கேட்டோ"ன்னு நீளமா நறுக்கச் சொல்லிட்டு பூட்ஸை எடுத்துண்டு போயிட்டான். நல்ல பிள்ளை, அவன் அம்மாவுக்கு சமையல் தெரிஞ்சிருக்கு. அந்த வட்ட அவியலைத்தான் அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிட்டோம். நம்ம கூடத்துல இன்னொருத்தரோட இலை போட்டு நான் சாப்பிட்டு எத்தனை நாளாச்சுன்னு அப்போதான் தோணித்து, கண்ணு கலங்கிடுத்து. கண்ணீர்ப்புகைன்னு சொல்லி சமாளிச்சேன்.

உன் எர்ணாகுளம் பார்ட்டியும் வந்தான். வாசல் முகப்பை மட்டும் அப்படியே வச்சிண்டு, பின்னால இடிச்சு நாலு மாடி ஹாஸ்டல் கட்டுவானாம், பாரம்பரிய போர்டுக்கும் குறை வராதாம். அளவெடுக்கறதுக்கு ஷூவோட உள்ள வந்தான். மீதியை அவன்கிட்டயே கேட்டுக்கோ.

பயமா இல்லையான்னு எழுதியிருந்தாயே, அதுக்கும் பதில் சொல்லிடறேன். போன தீபாவளிக்கு உன் பன்னிரண்டாவது மாடில வந்து இருந்தேன். நீயும் ஆஷாவும் ஆபீஸ். லிஃப்ட்ல கூட வந்தவா எல்லாரும் அவா அவா ஃபோனைப் பாத்துண்டு நின்னா. எந்த ஃபிளாட்டுன்னு கேட்ட வாட்ச்மேன் ஒருத்தன்தான் பகல்ல எங்கிட்ட பேசினவன், அவனுக்கும் மறுநாள் பதில் தெரிஞ்சுபோச்சு. இங்கே என்னை நாலு பேர் திட்டறா, நான் நாப்பது பேரைத் திட்டறேன். அங்கே திட்ட ஆள் இல்லை. எனக்குப் பயம் அதுதான்.

ஆனாலும் நீ ஒரே தம்பி, சும்மா உன்னைக் கவலைப்பட வைக்கப்படாது. அதனால திங்கக்கிழமை ஆசாரியைக் கூப்பிட்டு, பின்வாசலுக்குக் குறுக்குச் சட்டம் அடிச்சு, சாலை பஜார்ல வாங்கின ஆமை மாதிரி பூட்டு ஒண்ணு மாட்டியாச்சு. சாவி அரிசி டின்னுக்குள்ள. இனிமே பசங்களும் கிடையாது, போலீஸும் கிடையாது. காத்தும்தான் கிடையாது, வேர்த்துக் கொட்டறது, உனக்காகப் பொறுத்துக்கறேன். ஆபத்துன்னு நீ சொன்ன காரணம் தீர்ந்துபோச்சு, ஆகவே விக்கற பேச்சும் தீர்ந்துபோச்சு.

ஒப்பந்தத்தைக் கையெழுத்தில்லாமல் இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பின்பக்கம் காலியாக இருந்தது, வீணாக்குவானேன் என்று ஆஷா கேட்டிருந்த அவியல் பக்குவத்தை அதில் எழுதியிருக்கிறேன். நீளமாக நறுக்கச் சொல். நீங்கள் இருவரும் ஆரோக்கியமாக, சண்டை போட ஆள் குறைவில்லாமல் நீடூழி வாழ வேண்டும் என்று பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறேன்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடாத உன் அக்கா,
அனந்தலக்ஷ்மி
(இது கடிதத்துக்கான கையெழுத்து. வெட்டி வேறெதிலும் ஒட்டாதே.)

பி.கு.: கவரை ஒட்டறதுக்குள்ள மதில் பக்கம் கோஷம் கேக்க ஆரம்பிச்சுடுத்து. தபால் பெட்டி அந்தண்டை இருக்கு, நான் போட்டுட்டு வரேன்னு ஷெமி நிக்கறா, பின்வாசல் வழியாப் போனாத்தான் அவளுக்குக் கிட்டக்க. பூட்டு வாங்கினதும் வாஸ்தவம், மாட்டினதும் வாஸ்தவம். சாவிதான் அரிசி டின்ல இல்லை. ஒண்ணு அவகிட்ட இருக்கு, இன்னொண்ணு முதல்ல ஓடி வந்தானே அந்தத் தடியன்கிட்ட. மத்தியானம் சாப்பிட வரச்சே நான் எழுந்து போய்த் திறக்க வேண்டாமேன்னுதான். ஆக, நீ சொன்ன காரணம் திரும்பி வந்துடுத்து, என் கையெழுத்து வரப்போறதில்லை. இன்னொரு விஷயம். அந்த வினய் இப்போ லேஸ் இல்லாத பூட்ஸ் வாங்கிட்டானாம், ஒரே இழுப்புல கழண்டு வந்துடுமாம். அதனால இன்னிலேர்ந்து கால் அலம்பாம யாரும் உள்ள வரப்படாதுன்னு கொல்லைல எழுதி மாட்டியிருக்கேன். ரெண்டு வாளி ரொப்பி வச்சிருக்கேன், முதல்ல வரவாளுக்கு அது போறும். பின்னால வரவா குழாய்ல அலம்பிக்கலாம். அதுல தண்ணி நூலாத்தான் வரும்.