சொக்காய் போட்ட கேஸ்

மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தபோது நான் ஒரு பாடவேளையைத் திருடினேன்.

இலக்கியம், வரலாறு, அறம் எல்லாம் சேர்த்துப் புதிதாக வைத்த வகுப்பு அது. மாணவர்கள் நோயாளியோடு உட்கார்ந்து பேர், ஊர், பிழைப்பு கேட்டு ஒரு பக்கம் எழுதவேண்டும். (கதை எழுதவா டாக்டருக்குப் படிக்கிறான்? இது அன்றைய நான்.)

உத்திரமேரூர் பள்ளிக்கூடத்தில் நடந்த மருத்துவ முகாமில் அந்த நேரத்தை என் பாடத்துக்கு எடுத்துக்கொண்டேன். பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். நாலு படி ஏறியதற்கே மூச்சு வாங்கினார். சட்டையைக் கழற்றச் சொல்லி ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். இதய வால்வு சுருங்கியிருந்தது.

"அருமையான கேஸ்! எல்லாரும் வாங்க!"

இருபது மாணவர்கள் வரிசையாக அவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார்கள். நான் கரும்பலகையில் வால்வை வரைந்துவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். "பெருநகர் பஸ்ஸு போய்டும்" என்றாராம். இருபது பேருக்கு விளக்கிய நோயை அவருக்கு மட்டும் நான் சொல்லவில்லை. வைத்தியம் பார்க்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. அவர் பேரோ யாருக்கும் தெரியாது.

மறுநாள் பெருநகர் என்ற அந்த ஊருக்குப் போய் டீக்கடையில் நின்றேன்.

"பேரு இன்னா சார்?" என்றார் கடைக்கார அம்மா.

"தெரியாதும்மா."

"ஆளு எப்டி இருப்பாரு?"

நெஞ்சைத் தவிர நான் எதைப் பார்த்தேன்? "வால்வு சுருங்கின ஆள்" என்றேன்.

"அந்த மாதிரி யாரும் இந்த ஊர்ல இல்ல சார்."

பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம், "நீங்களாவது பார்த்தீங்களா?" என்று கேட்டேன். அவர் டம்ளரை வைத்துவிட்டு நிதானமாகப் பொத்தான்களை அவிழ்த்தார்.

"சொக்காய கயட்டினாத்தான் அடையாளம் தெரியுமா சார்? நேத்து வரிசைல நின்னு கேட்டீங்களே, அந்த நெஞ்சு இதான்."

கடையே சிரித்தது. அப்போதுதான் பேரைக் கேட்டேன். ஏகாம்பரம். நாற்று நட, அறுக்கக் கூலிக்குப் போகிறவர். மன்னிப்புக் கேட்டு, நோயைச் சொன்னேன்.

"இத்த நேத்தே சொல்லியிருந்தா பஸ்ஸ வுட்டுட்டு நின்னுக்கினு இருப்பேனே!"

சென்னையில் அவருக்கு வால்வை விரித்துவிட்டார்கள். பிழைத்தார். திருடிய பாடவேளையை நான் திருப்பிக் கொடுத்தேன். முதல் வகுப்பை எடுக்க அவரையே அழைத்தேன். "காது வெக்கறதுக்கு முன்னால வாய தொறந்து கேளுங்க" என்று ஆரம்பித்தார். என் இத்தனை வருடப் பாடத்தில் அந்த வரி இல்லை.

இன்றும் கல்யாண வீடுகளில் யாரையாவது பார்த்து நான் விழித்தால், "சொக்காயைக் கழட்டச் சொல்லட்டுமா?" என்று என் மனைவி காதோரம் கேட்பாள். போன மாதம் பேத்தி கல்யாணத்தில் ஒருவர் என் எதிரே வந்து நின்றார். எனக்கோ கண் மங்கிவிட்டது. உற்றுப் பார்த்தேன். அவர் கை மெல்லப் பொத்தானுக்குப் போனது.

"வேணாம் ஏகாம்பரம்!" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.