முப்பத்திரண்டு மில்லிமீட்டர்ப் பெரும்போர்

வாழ்க அவள்! அளவுகோலை வாளாகவும் வரைபடத்தைக் கேடயமாகவும் ஏந்தியவள். அரை மில்லிமீட்டர் பிசகினும் சோறு இறங்காதவள். மின்கெட்டில் தொழிற்சாலையின் வடிவமைப்பாளர். ‘மில்லிமீட்டர் அக்கா’ என்று ஊழியர் உலகம் போற்றும் வீராங்கனை!

புதிய கெட்டிலின் கொதிக்கும் உடலுக்கும் கைப்பிடிக்கும் நடுவே, விரல்முட்டி வேகாதிருக்க, முப்பத்திரண்டு மில்லிமீட்டர் இடைவெளி வகுத்திருந்தாள் அவள். “எல்லாத் துறையும் சேர்ந்து உட்காருங்க, பொருள் சீக்கிரம் வரும்!” என்று முதலாளி முழங்கி நான்கு துறைகளையும் ஒரே மேசையில் அமர்த்திய நாளில் மூண்டது போர். மதயானை நடையினரான உற்பத்தி மேலாளர், பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு எளிதாகட்டும் என்று நான்கு மில்லிமீட்டரைக் கவர்ந்தார். தேன்சொல் அம்பெய்யும் விற்பனை மேலாளர், பெட்டி ஒல்லியாகட்டும் என்று ஐந்தை வீழ்த்தினார். ஓசியில் கிடைத்ததற்கும் தள்ளுபடி கேட்கும் கொள்முதல் மேலாளர், பிளாஸ்டிக் மிச்சம் என்று மூன்றை அள்ளினார். ஏழு கூட்டங்கள் முடிந்த களத்தில், குற்றுயிராய் எஞ்சியது இருபது. “நல்லா ஒத்துழைக்கிறீங்க மேடம்” என்ற பாராட்டு ஒவ்வொன்றும் வேலாய்ப் பாய, வெளியே தலையாட்டி உள்ளே எரிமலையாய்க் குமுறினாள் நம் தலைவி.

எட்டாம் கூட்டத்தில், அந்த இருபதுக்கே செய்த மாதிரிக் கெட்டிலை, சீறும் நாகமென ஆவி கக்கக் கக்க, மேசை நடுவே நிறுத்தினாள்.

“இன்னைக்கு டீ நீங்களே ஊத்திக்கோங்க!”

“இதுல என்னங்க இருக்கு?” என்று உலக்கை விரல்களை நுழைத்தார் உற்பத்தி மேலாளர். மறுகணம், “ஐயோ, சுடுது! சுடுது!” என்ற ஓலம் சுவர்களை அதிரவைக்க, கோப்பைகள் தலையறுந்த படைவீரர்போல் உருண்டன. அடுத்துத் துணிந்த விற்பனை மேலாளர், தேன்சொல் மறந்து விரலை வாய்க்குள் புகுத்தினார். கொள்முதல் மேலாளரோ கையைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை.

“முப்பத்திரண்டே இருக்கட்டும்! ஒரு மில்லிமீட்டர் குறையக் கூடாது!” என்று முட்டியை ஊதியபடி பிரகடனம் செய்தார் உற்பத்தி மேலாளர். வென்றாள் தலைவி! வானோர் பூமாரி பொழியக் கூடையைத் தூக்கிய அந்நேரத்தில், கொள்முதல் மேலாளர் மெல்லக் கனைத்தார்.

“இருபதுக்கே அச்சு போன வியாழக்கிழமை வெட்டியாச்சே. உங்களுக்கு யாரும் சொல்லலையா?”

சொல்ல வேண்டியவர் யாரென்று மூன்று மேலாளர்களும் ஒருவரையொருவர் நோக்கிய நோக்கில் யுகங்கள் கழிந்தன. அவள் அளவுகோலை மடக்கிப் பைக்குள் வைத்தாள்.

பெட்டியோடு ஒரு துணிக் கையுறை கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.